பேசுவதற்கு முன்னால் பேசிப் பார்த்தவர்

திருப்பதியில் சாமியைப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்பவர்கள் ஏராளம். சக மனிதனோடு பத்து நிமிடம் பேசுவதற்கு முன்னேற்பாடு செய்தவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ட்ரயல் சார்.

நான் கணக்கு எழுதிய கம்பெனி விவசாயத்துக்குத் தண்ணீர் மோட்டார் விற்கிறது. தலைமை அலுவலகம் திருப்பதியில், கிளை சித்தூரில். கொரோனா வந்தபோது, பெங்களூரில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் திட்ட முடியும் என்பதை எங்கள் எம்.டி. கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு வீடியோ மீட்டிங். கம்ப்யூட்டரும் நெட் லைனும் ட்ரயல் சாரின் பொறுப்பு. சொந்த ஊர் பக்கத்தில் நகரி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பார். மற்ற காதை எங்கள் புகார்களுக்காகத் திறந்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங் என்றால் சனிக்கிழமை பத்து மணிக்கு ட்ரயல். எல்லாரும் போனபிறகு தனியாகச் செய்து பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"காலி ஆபீஸ்ல லைன் நல்லாத்தான் வரும் மேடம். காலி பஸ்ல யாருக்குத்தான் சீட்டு கெடைக்காது? எல்லாரும் வந்து உக்காருங்க. ஆளுக்கு ஒரு வீடியோ போடுங்க. லைன் நிக்கிதா, படுக்குதான்னு பாக்கலாம்."

சம்பளம் கொடுத்து வீடியோ பார்க்கச் சொன்ன ஒரே அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒருவர் கிரிக்கெட், ஒருவர் மீன் குழம்பு, மேனேஜர் சுப்ரபாதம். சிறிது நேரத்தில் எல்லாத் திரைகளிலும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ட்ரயல் சாரின் முகம் மலரும். "பாத்தீங்களா, விழுந்திச்சு" என்பார், பேரன் முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர்போல.

ஒரு சனிக்கிழமை குரலை மட்டும் சோதிக்க வேண்டும் என்று கேமராக்களை அணைத்துவிட்டார். எம்.டி. இடத்தில் பேச, எங்களுக்கு டீ கொண்டுவரும் முனிரத்தினத்தை உட்கார வைத்தார்.

"எம்.டி. எப்பிடிப் பேசுவாரோ அப்பிடியே பேசு நைனா. மெதுவா பேசினா மைக்குக்கு வேலையே இல்ல."

முனிரத்தினம் பல வருடங்களாகக் கதவுக்கு வெளியே டீத் தட்டோடு நின்று எம்.டி.யின் குரலைக் கேட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சித்தூர், வாட் இஸ் திஸ்? ஐ யாம் நாட் ஹாப்பி" என்றார். ட்ரயல் பற்றிய செய்தியைப் படிக்காமலே வந்து உட்கார்ந்திருந்த சித்தூர் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது போலிருக்கிறது.

"சார், சாரி சார். ஆபீஸ் வண்டிய மச்சான் கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போனது தப்புதான் சார். இனிமே தொட மாட்டேன் சார்."

யாரும் வண்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. முனிரத்தினம் சற்று யோசித்தார். "ஓகே. டோன்ட் ரிப்பீட்" என்று மன்னித்துவிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நெளிய, ட்ரயல் சாருக்கு வேறு மகிழ்ச்சி. "சூப்பர். ஒரு எழுத்துகூட ஒடையல."

அவர் புகழ் அலுவலகத்தைத் தாண்டியும் பரவியது. உடன் வேலை பார்த்தவர் வீட்டு நிச்சயதார்த்தம். அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்கள் திரையில் பார்க்க வேண்டும். ட்ரயல் சார் நாதஸ்வரக்காரரை முதல் நாளே மண்டபத்துக்கு வரவழைத்து ஊதச் சொன்னார். தான் அமெரிக்கா மாதிரி, ஃபோனோடு வெளியே ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் ஓடி வந்தார்.

"அண்ணா, நீங்க ஊதறது ஒண்ணும் அங்க போகல. பாக்கறவங்களுக்கு, நீங்க கன்னத்த உப்பிக்கினு சும்மா உக்காந்துக்கினு கீற மாதிரி தெரியுது."

"சின்ன வயசுலேர்ந்து ஊதறேன். காதுல விழலன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல" என்றார் அவர்.

"உங்க மேல தப்பு இல்லண்ணா. கம்ப்யூட்டரு லாரி ஹாரன்னு நெனச்சிக்கினு அமுக்கிடுச்சு."

இரைச்சலைக் குறைக்கும் வசதியை ட்ரயல் சார் அணைத்தார். மறுநாள் அமெரிக்காவரை கெட்டிமேளம் கேட்டது. ஆனால் அந்த நாதஸ்வரக்காரர் கடைசிவரை அந்த வீட்டுக் காபியைத் தொடவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் நானும். பிறகு எங்கள் வீட்டுக்கே அந்த நாள் வந்தது.

என் ஒரே மகள் நித்யா டொரண்டோவில் வேலை பார்க்கிறாள். பனி உறைந்த சாலையைக் கடந்தபோது ஒரு கார் வழுக்கிவந்து அவளை மோதியது. முதுகெலும்பில் ஆபரேஷன். நடப்பாளா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். எங்களுக்கு விசா வரவில்லை. உள்ளே கொண்டுபோவதற்கு முன் பத்து நிமிடம் வீடியோவில் பேசலாம் என்று அவளுடைய அறைத் தோழி அனுமதி வாங்கியிருந்தாள். அங்கே காலை, இங்கே மாலை ஆறரை. என் பெண்ணுக்கும் எனக்கும் நடுவே இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

எங்கள் வீடு திருச்சானூரில், ஒரு லாட்ஜுக்குப் பின்னால். அம்மன் கோயிலில் கார்த்திகை பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் மொபைல் சிக்னல் செத்துக் கிடந்தது. வீட்டு நெட் ஒன்றே நம்பிக்கை. ட்ரயல் சார் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். யார் சொன்னார்களோ, முதல் நாளே பையோடு வந்து நின்றார். என் கணவருக்கு எரிச்சல்.

"மத்தியானமே பாத்துட்டேன் சார். பளிச்சுனு வருது."

"மத்தியானம் வரும் சார். லாட்ஜுல கீறவங்க எல்லாம் கியூல நின்னுக்கினு இருப்பாங்க. சாயந்திரம் ரூமுக்கு வந்து, கால நீட்டிக்கினு ஃபோன எடுப்பாங்க பாருங்க, அப்ப தெரியும்."

ஆறரை வரை காத்திருந்தார். பிறகு நகரியில் இருந்த தன் மனைவியை வீடியோவில் அழைத்தார். அந்த அம்மாவைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஃபோனை முகத்துக்கு மேலே பிடிக்கச் சொல்லியிருந்தார். "பாப்பா படுத்துக்கினுதான் இருக்கும் மேடம். அதே மாதிரி பாத்தாத்தான் சரியா தெரியும்."

நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண் தலையணையில் சாய்ந்து கூச்சத்தோடு என்னைப் பார்த்தாள். "பேசு" என்றார் இவர்.

"அம்மா, நான் நல்லாத்தான் கீறேம்மா. நீ துன்னியா?"

நான் உடைந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவளும் முந்தானையை எடுத்தாள். ட்ரயல் சார் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அழுங்க மேடம். நாளைக்கும் அழுவீங்க. அதுக்கும் லைன் தாங்குதான்னு பாக்கணும்" என்றார். தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. லைன் விழுந்து ட்ரயல் சார் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன்.

தெருமுனைக் கேபிள் பெட்டிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லாட்ஜுக்கும் எங்களுக்கும் ஒரே லைனைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தனி லைன் போட ஒரு வாரம் ஆகும் என்றார் கேபிள்காரர்.

மறுநாள் மாலை ட்ரயல் சார் நேராக லாட்ஜுக்குப் போனார். மேனேஜர் கையை விரித்துவிட்டார். "ஏமண்டி, ஃப்ரீ வைஃபைன்னு போர்டு வெச்சிட்டு நானே எப்பிடி ஆஃப் பண்றது?" இவர் வாதம் செய்யவில்லை. மாடிப்படி ஏறி ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினாராம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குடும்பம் குடும்பமாகக் கதவைத் திறந்தார்கள். சிலர் வெந்நீர் வந்துவிட்டது என்று பக்கெட்டை நீட்டினார்கள். எல்லாரிடமும் ஒரே வேண்டுதல்: "ஒக்க அரகண்ட ஃபோன்லு பக்கன பெட்டண்டி. மா பாப்பக்கி ஆபரேஷன்." அரை மணி நேரம் ஃபோனை ஒதுக்கி வையுங்கள், எங்கள் பாப்பாவுக்கு ஆபரேஷன் என்று.

ஆறரைக்கு நித்யா திரையில் வந்தாள். தலையில் நீலத் தொப்பி. உதட்டு வெடிப்புகூடத் தெரிந்தது.

"ஏம்மா இந்தப் பழைய புடவையக் கட்டிக்கினு இருக்க?"

சொல்ல வைத்திருந்த அத்தனையும் மறந்துபோயிற்று. புடவையைப் பற்றித்தான் பேசினேன். அவள் அப்பா, "ஒண்ணும் ஆவாது கண்ணு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு முறைகூட நடுங்காமல் அவள் முகம் எங்கள் எதிரில் இருந்தது. "பக்கத்துலயே இருக்கற மாதிரி கீதும்மா. கொஞ்ச நேரம் பேசாம அப்பிடியே இரு" என்றாள். அப்படியே இருந்தேன். யாரோ வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்தேன். லாட்ஜ் வராந்தாவில் மொட்டைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஃபோன்கள் மடியில் கவிழ்ந்திருந்தன. சிலர் கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பியிருந்தார்கள். நடுவிலிருந்து ட்ரயல் சார் எழுந்து வந்தார். வாய்ஸ் கிளியரா, பிக்சர் நின்றதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா பயந்துக்கினு இருந்திச்சா மேடம்?"

"இல்ல சார். என் புடவையத் திட்டிச்சு."

"அப்ப நடக்கும்" என்றார். அதை எந்த மருத்துவப் புத்தகத்தில் படித்தாரோ.

நித்யா நடக்கிறாள். மெதுவாகத்தான், ஆனால் நடக்கிறாள். நான்தான் இன்னும் ஃபோன் மணி அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். அவள் ஊருக்கு வரும் நாளை ஒவ்வொரு விடுமுறைக்கும் தள்ளிப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருகிறாள். அவள் போனபின் சிறிது நேரம் அந்த இருண்ட திரைமுன் உட்கார்ந்திருப்பேன்.

ட்ரயல் சார் மனைவியோடு புனேயில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தெருவில் எல்லா வீட்டுக்கும் தனி லைன் வந்துவிட்டது. எந்தத் திருவிழாவிலும் நித்யாவின் முகம் உறைந்துபோவதில்லை. என்றாலும் ட்ரயல் சார் ஒரு நாள் பையோடு வாசலில் வந்து நின்றால், லைன் நன்றாக இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. உட்கார்ந்து, சாயந்திரம்வரை இருந்து, பார்த்துவிட்டே போகட்டும்.