இயற்கை சும்மா செய்யாது

காரணக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் கட்டடத்திலும் ஒருவராவது இருப்பார். இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடையாளம் சுலபம். உயிரியலில் ஒரு பட்டம், அல்லது பட்டத்துக்குப் பாதிவழி, அல்லது லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து திருப்பிக் கொடுக்காத ஒரு படப் புத்தகம், இதில் ஏதாவது ஒன்று போதும். இந்த உலகத்தில் எந்த உயிருக்கும் வாலும் கொம்பும் வண்ணமும் வெட்டியாக வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகவே வந்தது, அது எந்த வேலை என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று அவர் முடிவுகட்டிவிடுவார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவரே சொல்வார்.

இந்தக் குளிர் தேசத்தில் எங்கள் பார்க்டேல் கட்டடத்துக்கு வாய்த்தவர் டாக்டர் மோகனசுந்தரம். ஊசி போடும் டாக்டர் இல்லை, விலங்கியல் டாக்டர். நாலாம் மாடித் துரை, யாழ்ப்பாணத்துப் பையன், ஒரு நாள் அவர் வீட்டுக்கு டீ குடிக்கப் போன இடத்தில் ஜன்னலைப் பார்த்து வாய்விட்டான்.

"அண்ணை, இஞ்சத்தை அணில் ஏன் கறுப்பாக் கிடக்கு?"

"இயற்கை சும்மா செய்யாது, துரை. கறுப்பு வெயிலை உறிஞ்சும். குளிருக்கு அதான் தோது."

"அப்ப பனிக்கரடி வெள்ளையெல்லோ?"

"அது ஒளிஞ்சிருந்து வேட்டையாட."

"அங்கை ஒரு சாம்பல் அணிலும் நிக்குதே?"

"அது ரெண்டுக்கும் பொதுவா."

பார்த்தீர்களா? கறுப்புக்கு ஒரு காரணம், வெள்ளைக்கு ஒரு காரணம். நாளைக்கு மேப்பிள் மரத்திலிருந்து பச்சை அணில் ஒன்று இறங்கி வந்தாலும் டீயைக் கீழே வைக்காமல் பதில் சொல்வார். தோற்க வழியே இல்லாத ஆட்டம். சில குணங்கள் தற்செயலாக வந்தவை, சில வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவை, சில வேலை முடிந்த பிறகும் போகாமல் கிடப்பவை என்று அவருடைய துறைக்காரர்களே சொல்கிறார்கள். அவர் காதில் விழாது. காது எதற்காம்? அதற்கும் வைத்திருக்கிறார்: சூட்டை வெளியேற்ற. அதனால்தான் பாலைவன நரிக்கு விசிறி போலக் காது. அவருடைய வழுக்கை? மூளை அதிகம் வேலை செய்கிறது, சூடு போக வழி வேண்டாமா? குறட்டை? ஆதி மனிதன் புலியை விரட்டக் கண்டுபிடித்தது.

"புலி வரலை, வாஸ்தவம்தான்," என்பார் மனைவி அம்புஜம். "எனக்குத் தூக்கமும் வரலை."

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. டீத்தூள்தான் கொஞ்சம் கூடச் செலவாகும். ஜனவரியில், கட்டடத்துக்கே சூடு தரும் பாய்லர் செத்தது.

அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கட்டடச் சொந்தக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துரைக்கும் அவன் மனைவி வசுமதிக்கும் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. வசுமதி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, பிள்ளையின்ர கையும் காலும் ஐஸ் மாதிரிக் கிடக்கு. ராத்திரி முழுக்க மடியிலையே வைச்சிருந்தனான்."

"பயப்படாதேம்மா. பச்சைக் குழந்தைக்குப் பிடரியில பழுப்பா ஒரு கொழுப்பு இருக்கும். சூடு உண்டாக்கறதுக்குன்னே வெச்சது. இயற்கை சும்மா செய்யாது."

"கொழுப்பு யாருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றது சமையலறை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மாடியும் லாபிக்கு இறங்கியது. போர்த்துக்கீசக் குடும்பங்கள், ஜமைக்கா நர்ஸ், ஒரு கிரேக்கப் பெரியவர், நம் ஆட்கள் நாலு வீடு. பேசித் தீர்த்த விஷயம் எளிமையானது. துரை மட்டும் பேசுவான், மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரே கோரிக்கை: பாய்லர், இன்றைக்கே. கட்டட மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிடும்வரை ஒருவரும் நகர்வதில்லை.

மேனேஜர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வசுமதியின் மடியில் கம்பளிப் பொட்டலமாகக் கிடந்த குழந்தையைப் பார்த்தார். லாபிச் சுவரில் இருந்த போனை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டை கனைத்தது.

"அறிவியல்படி பார்த்தால்," என்று இங்கிலீஷில் தொடங்கினார் டாக்டர். நடுக்கம் ஒரு குறைபாடு அல்ல, தசை சூடு உண்டாக்கும் ஏற்பாடு என்றார். உடம்பு சிலிர்ப்பது மயிர்க்கால்களுக்கிடையில் காற்றைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு என்றார். வடதுருவத்து நரியின் குட்டைக் காதைத் தொட்டு, பென்குவினின் காலைத் தொட்டு, மனித உடல் எந்தக் குளிருக்கும் பழகிவிடும் என்று முடித்தார். மேனேஜருக்கு உதவ வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. ஒரு நடுக்கம் விளக்கமில்லாமல் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

மேனேஜரின் கை போனிலிருந்து கோட்டுப் பைக்குத் திரும்பியது. "உங்கள் டாக்டரே சொல்கிறாரே, பழகிவிடும் என்று. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்."

கிரேக்கப் பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசைக் கால்கள் லிஃப்ட் பக்கம் நகர்ந்தன. கருங்காலியாவது காசு வாங்கிக்கொண்டு கெடுப்பான். இவர் இலவசமாகக் கெடுத்தார்.

அம்புஜம் முன்னால் வந்தார்.

"ஏங்க, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க."

"அம்புஜம், இங்க வேணாம்."

"பழகிடும். கழட்டுங்க."

அவர் கழற்றவில்லை. அம்மாளே பொத்தான்களைக் கழற்றினார். கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர். அதற்குள் அம்மாளுடைய ஸ்வெட்டர், பூப்போட்டது. அதற்குள் இடுப்பைச் சுற்றி ஒரு சால்வை. சால்வை அவிழ்ந்ததும் சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று வழுக்கி இறங்கி, லாபித் தரையில் தொப்பென்று விழுந்து, குளுக்கென்றது.

துரை குனிந்து பார்த்தான். "அண்ணை, உது என்னத்துக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டர் மோகனசுந்தரத்திடம் காரணம் இல்லை.

முதலில் ஜமைக்கா நர்ஸ் சிரித்தார். பிறகு லாபியே சிரித்தது. நகர்ந்த கால்கள் திரும்பி வந்தன. அம்புஜம் பையை எடுத்துத் துடைத்து வசுமதியிடம் கொடுத்தார். "இந்தாம்மா. ரொம்பச் சுடுதான்னு பார்த்து, துணியில சுத்திப் பக்கத்துல வை." பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். போன் எண்ணைச் சுழற்றும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் ரேடியேட்டர்கள் டொக் டொக்கென்று இருமிக்கொண்டு சூடாயின. நாலாம் மாடியில் குழந்தை முழுத் தொண்டையில் அழுதது. யாரும் அதற்குக் காரணம் கேட்கவில்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை படிக்கட்டில் துரையை மடக்கினார்.

"பார்த்தியா, ஆபத்துன்னா எல்லாம் ஒண்ணா வந்து நெருக்கி நின்னீங்களே? பென்குவின்கிட்ட இதே குணம் இருக்கு. இயற்கை..."

"ஓம் அண்ணை. பொத்தானைப் பூட்டுங்கோ, வெளியில குளிர்."

இப்போது உங்களிடம் வருகிறேன். இத்தனை உபத்திரவம் செய்கிற ஒரு ரகம் அழிந்துபோகாமல் எப்படி நிற்கிறது, ஏதாவது ஒரு பயன் இல்லாமலா இருக்கும் என்று இதைப் படிக்கும்போது ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

யோசித்தீர்களா?

அப்படியானால் உங்கள் கட்டடத்து ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உங்கள் கோட்டையும் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக ஏதாவது இருக்கும்.