குளக்கரை வளைவும் கிராபிக்ஸ் கார்டும்

திருவிடந்தை,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை தீனதயாளன் அவர்களுக்கு,

மாமனார் எல்லப்பன் எழுதுவது. இங்கே கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லோரும் நலம். ஓசூரில் தாங்களும் என் மகள் கீர்த்தனாவும் நலமாக இருக்க எங்கள் ஊர் நித்திய கல்யாணப் பெருமாள் பார்த்துக்கொள்வார். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டாலே கீர்த்தனா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் ‘ஹலோ’ சொல்லி முடிப்பதற்குள் அவளும் அவள் அம்மாவும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஆகையால் தயவுசெய்து இதைத் தனியாகப் படிக்கவும்.

நான் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு எவ்வளவு போடுவது என்று உங்கள் அத்தை சியாமளாவுக்கே யோசனை சொல்ல ஆரம்பித்த காலத்தில், தாங்கள் பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ஸ்டியரிங்கையும் கொண்டுவந்து கொடுத்து, பஸ் ஓட்டும் கேமையும் போட்டுக் கொடுத்தீர்கள். அந்தப் புண்ணியம் உங்கள் ஏழு தலைமுறைக்கும் உண்டு. யாரோ ஒரு மகராசன் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரைக்கும் நான் இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய அதே ரோட்டை அந்த கேமில் வரைந்து வைத்திருக்கிறான். மலையும் இருக்கிறது, குளமும் இருக்கிறது, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடுகள்கூட இருக்கின்றன. என்னோடு பதினேழு வருஷம் கண்டக்டராக இருந்த ஜெபசிங்கும் நெம்மேலியிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவான். என் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். அவன் ரெண்டு விசில் கொடுத்தால் வண்டி எடுப்பேன், ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவேன். நாற்பது பக்க நோட்டில் டிரிப் ஷீட் வேறு எழுதுவான். சம்பளம் இல்லையே தவிர மற்றபடி டூட்டி டூட்டிதான்.

வண்டியைப் பராமரிப்பதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் டிரிப்புக்கு முன்னால் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லி சாத்தி, ஊதுபத்தி ஏற்றாமல் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் ஊதுபத்தி செருக அளவெடுத்தாற்போல வரிசையாகத் துளை போட்டிருக்கிறான். கம்பெனிக்காரன் விவரமானவன்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு யார் கண் பட்டதோ தெரியவில்லை, போன மாதத்திலிருந்து திருக்கழுக்குன்றம் குளக்கரை வளைவில் படம் அப்படியே நின்றுபோகிறது. மூச்சு விடுகிற நேரம்தான் நிற்கும். மறுபடி படம் வரும்போது பஸ் வளைவில் இருக்காது, இடப்பக்கம் இருக்கிற டீக்கடைக்குள் இருக்கும். ஒரே வாரத்தில் மூன்று தடவை, மாப்பிள்ளை. ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காமல் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த ஷீல்டு கம்ப்யூட்டருக்கு மேலேயே மாட்டியிருக்கிறது, அதை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜெபசிங்காவது ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வான் என்று திரும்பினால், அவன் நோட்டில் ‘டிரைவர் கவனக்குறைவு’ என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். “இன்னாபா இது, படம் நின்னுச்சே, நீயும் தானே பாத்துகினு இருந்தே” என்றேன். “படம் நின்னா பிரேக்கு போடணும், அண்ணாத்த. ரூல்ஸு ரூல்ஸுதான்” என்கிறான்.

உங்கள் அத்தையிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “உனுக்குக் கண்ணுல பொரை வுழுந்துகீது, மெஷினை ஏன் திட்டறே? நேத்து எனுக்குப் பதிலா தலகாணியாண்ட பேசிகினு இருந்தே” என்கிறாள். அது தலையணையே இல்லை, மடித்து வைத்த பாய். அணுபுரத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு சாம் என்பவரிடம் கேட்டேன். அவர், “கிராபிக்ஸ் கார்டுதான் சார் மாத்தணும்” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அதோடு விட்டாரா? கார்டு மாற்றினால் அதற்குக் கரன்ட் பத்தாது, கரன்ட் கொடுக்கிற டப்பாவை மாற்ற வேண்டுமாம், அது உள்ளே உட்காராது, பெட்டியை மாற்ற வேண்டுமாம், பெட்டி மாற்றினால் மேஜை பத்தாதாம். ஹாரன் சரியில்லை என்று போனவனுக்கு டிப்போவையே இடித்துக் கட்டச் சொன்ன கதையாக இருக்கிறது.

கடைசியில் மாமல்லபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரதீபா என்ற பெண்ணை வரவழைத்தேன். கெட்டிக்காரப் பெண். “உள்ள ஏற்கெனவே ஒரு கார்டு கீது அங்கிள். அது பத்துதா பத்தலயான்னு தொறந்து பாத்தாதான் சொல்ல முடியும்” என்றாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூஜை போட்ட வண்டியை வெள்ளிக்கிழமையில் பிரிக்க விடுவேனா? மூடியிருக்கும்போதே பார்க்கச் சொன்னேன். அவளும் பொறுமையாகப் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தாள். மரத்தில் இலை போயிற்று, மலை அட்டைப்பெட்டி மாதிரி ஆயிற்று, ஸ்டாப்பில் நின்ற ஜனங்களுக்கு மூக்கும் வாயும் இல்லை. படம் தடையில்லாமல்தான் ஓடியது, ஆனால் முகமே இல்லாத ஜனங்களை ஏற்றிக்கொண்டு எப்படிப் போவது? பாதி வழியிலேயே டிப்போவுக்குத் திருப்பிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் எனக்குப் புரியட்டும் என்று ஒன்று சொன்னாள், வினை அங்கேதான் ஆரம்பித்தது. “ப்ராசஸர்தான் டிரைவர் அங்கிள். கிராபிக்ஸ் கார்டு கண்டக்டர் மாதிரி. டிரைவர் எவ்ளோ ஸ்பீடா இருந்தாலும், கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு முடிக்க கண்டக்டரால முடியலன்னா வண்டி நின்னுகினுதான் இருக்கும்.” எனக்கு நன்றாகப் புரிந்தது. ஜெபசிங்குக்கு என்னைவிட நன்றாகப் புரிந்துவிட்டது. ஸ்டூலை உதைத்துக்கொண்டு எழுந்தான். “இன்னாம்மா பேசறே? பதினேழு வருசமா வண்டி லேட்டாச்சுன்னா இவுரு கண்டக்டர் மேலதான் பழியப் போட்டாரு. இப்ப கம்ப்யூட்டர்லயும் கண்டக்டர்தான் தப்பா? இவுரு டீக்கடைல வுட்டதுக்கு நான் காரணமா?” என்றான். நான் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னது என்னவென்றால், “அந்தப் பொண்ணு பொய்யா சொல்லுது? பூஞ்சேரி ஸ்டேஜ்ல நீ சில்லறை எண்ணிகினு எத்தினி வாட்டி வண்டிய நிறுத்தி வச்சிகீறே” என்பதுதான். விசிலையும் நோட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவன், பதிமூன்று நாளாக வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

விசில் இல்லாமல் வண்டியை எப்படி எடுப்பது? உங்கள் அத்தையைக் கேட்டேன். “எனுக்கு வேற வேலை இல்ல பாரு. குக்கர் வச்சிகீறேன், அதும் விசிலுதானே” என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். ரெண்டு விசில் வந்ததும் மாமல்லபுரத்தில் எடுத்தேன். நல்ல வேகம் பிடித்தபோது மூன்றாவது விசில் வந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், அது இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். நடுரோட்டில் பிரேக் அடித்தேன், பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. அன்றோடு வண்டி ஷெட்டில் நிற்கிறது. நானும்தான்.

மாப்பிள்ளை, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படித்தவர் நீங்கள், நீங்கள் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இதற்குப் புது கிராபிக்ஸ் கார்டு தேவையா, இல்லையா? மனதில் இருப்பதை மறைக்காமல் கேட்டுவிடுகிறேன்: தப்பு மெஷின் மேலா, என் மேலா? ராத்திரி படுத்தால் அந்த வளைவுதான் கண்முன் வருகிறது. நிஜ பஸ்ஸிலும் கடைசி வருஷங்களில் இப்படித்தான் ஓட்டினேனோ, அந்த டீக்கடைக்காரன் தப்பியது அவன் அதிர்ஷ்டம்தானோ என்று பயமாக இருக்கிறது. மெஷின்தான் என்றால் அதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நெம்மேலிக்கு எடுத்துப் போய் ஜெபசிங்கிடம் காட்டுவேன். கார்டையும் கையோடு அனுப்பிவிட்டால் உத்தமம். மேஜையைப் பெரிதாக்க நான் தயார்.

தங்களுக்குப் பெருமாள் நீண்ட ஆயுளையும், நின்றுபோகாத கம்ப்யூட்டரையும் அருளட்டும். கீர்த்தனாவுக்கு என் ஆசிகள். அத்தை உங்களுக்கு நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள், ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
கோ. எல்லப்பன்,
ஓட்டுநர் (ஓய்வு), விபத்தில்லா ஷீல்டு பெற்றவர்.

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். தபால்தலை வாங்கப் போகாததால் கடிதம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கார்டு அனுப்ப வேண்டாம். காலையில் பிரதீபா வந்து பெட்டியைத் திறந்தாள். கார்டின் விசிறி சுற்றவே இல்லை. சந்தனம் கட்டிதட்டி, அதன்மேல் ஊதுபத்திச் சாம்பல் ஒரு பிடி, நடுவில் காய்ந்த மல்லி. “அங்கிள், இது கம்ப்யூட்டரா கர்ப்பக்கிரகமா?” என்றாள். ஊதிச் சுத்தம் செய்தாள், அத்தை மாடியில் உலர்த்தியிருந்த புடவைவரைக்கும் சாம்பல் போனது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறதாம், சூட்டில் திணறியதாம். டிரைவர் மேலும் தப்பில்லை, கண்டக்டர் மேலும் தப்பில்லை என்று நானே பிரதீபாவின் போனில் இருந்து ஜெபசிங்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரைமணியில் விசிலோடு வந்துவிட்டான். ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தேன்.

ரெண்டு விசில். எடுத்தேன். படம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, மாப்பிள்ளை. “அண்ணாத்த, டீக்கடை போர்டுல எயுத்துகூட தெரீது பாரேன்” என்றான் ஜெபசிங். எனக்கு எழுத்தும் தெரியவில்லை, போர்டும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். குளக்கரை வளைவு வந்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராக டீக்கடைக்குள் போய்விட்டேன்.

அடுக்களையில் இருந்து அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஜெபசிங் ஒரு விசில் கொடுத்துவிட்டு நோட்டைப் பிரித்தான். என்ன எழுதுகிறான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவனே சத்தமாகப் படித்தான்: “மாடு குறுக்கே வந்தது.”

திங்கட்கிழமை செங்கல்பட்டில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பஸ்ஸில்தான். ஜெபசிங்கும் கூட வருகிறான், டிக்கெட் அவன் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கீர்த்தனா கேட்டால் மாடு வந்தது என்றே சொல்லுங்கள்.