பேபி வாசலில் ஏறிய ஆமை

"ஆமை முட்டை போட்டா அது ஆமை பாடு. என் வாசலை எதுக்கு அடைக்கீரு?"

வேம்பாருக்குத் தெற்கே அந்தக் கடற்கரைத் தெருவில் பேபி கத்தினால் வள்ளத்தில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். மூங்கில் கம்பும் பழைய வலையுமாக நின்ற ஜெபசிங்குக்கு மட்டும் காதில் விழவில்லை.

"பேபியக்கா, இங்கன பாருங்க. நடுவுல வயிறு இழுபட்ட தடம். ரெண்டு பக்கமும் அரிசி புடைக்கிற சொளவு வச்சு அமுக்கினாப்ல துடுப்புக்கால். ஆமை ஏறியிருக்கு."

"முட்டையைக் கண்ணால பாத்தீரா?"

"தோண்டப்படாதுக்கா. கெட்டுப்போகும்."

அடுத்த வீட்டுப் பேச்சி வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் சும்மா இருந்ததே அதிசயம்தான்.

ஜெபசிங் தூத்துக்குடிக்காரர். கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று தெரு எவ்வளவோ விசாரித்துப் பார்த்துவிட்டது. கடற்கரையில் ஓலைக்கொட்டகை போட்டு, சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்கு நண்டு, சிப்பி, பவளம் என்று பாடம் நடத்திவந்தார். இடம் ஊர்க் கமிட்டியுடையது. அங்கே ஐஸ் வண்டி நிறுத்தவேண்டும் என்று தலைவர் டெல்பின் ஒற்றைக்காலில் நின்றார். ஆமைக்குஞ்சு கடலுக்கு ஓடுவதை ஊரே பார்த்துவிட்டால் கொட்டகை பிழைத்துக்கொள்ளும்.

"வேலியைப் போட்டுட்டீரு. கருவாட்டை எங்க காயப்போட, உம்ம தலையிலயா?"

ஜெபசிங் கொட்டகை பெஞ்சுகளைக் கொடுத்தார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பவளம் படித்தார்கள். கருவாட்டுக்குப் பூனை வந்தது, பூனைக்கு நாய் வந்தது, நாய் வேலியை மோப்பம் பிடித்தது. வேறு வழியில்லாமல் ஸ்டூலைப் போட்டுப் பகல் முழுக்கக் காவலுக்கு உட்கார்ந்தார்.

"கொமரி இருக்க வீட்டு வாசல்ல ஒரு ஆம்பளை இப்படி உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

ஊர் அதற்குள் பேசி முடித்திருந்தது. பேபி மகள் ஸ்டெபிக்கு வந்த மாப்பிள்ளை எல்லாம் மஸ்கட், சென்னை என்று கூட்டிப்போகிறவர்கள். கண்காணாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று பேபி ஒருத்தனையும் படியேற விடவில்லை.

தனியாக உட்கார்ந்தால்தானே பேச்சு என்று, ஜெபசிங் பாடத்தையே அந்த வாசலுக்கு மாற்றினார். பிள்ளைகள் பேபி வீட்டுக் குடங்களைக் காலி செய்தார்கள்; கக்கூஸுக்கு வரிசை கட்டினார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்க வந்த ஸ்டெபி, போகப்போக ஆமைப் பாடத்தையும் சேர்த்து நடத்தினாள். ஜெபசிங் வேலியைப் பார்ப்பது குறைந்தது.

இரண்டு மாதமாகியும் குஞ்சு வரவில்லை. அவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுற்றிச் சுற்றி நடந்ததில் வேலியோரம் பாதையே விழுந்துவிட்டது. கடைசியில் டெல்பின் முன்னிலையில் தோண்டினார்கள். கை போகிற ஆழத்துக்கும் மணல். அதற்குக் கீழேயும் மணல்.

"நாளைக்கே கொட்டகையைப் பிரிச்சிருங்க சார்," என்றார் டெல்பின்.

"அவரு பிரிச்சிட்டுப் போயிருவாரு. கெட்டுப்போன என் மவ பேரை யாரு சரிபண்ணுவா?" பேபி இடுப்பில் கையை வைத்தாள். "என் வீட்டுக்குத் தெக்கால இடம் சும்மாத்தான கெடக்கு. கொட்டகையை அங்கன போடட்டும். கோயில்ல கல்யாண ஓலையும் வாசிக்கச் சொல்லுங்க."

ஜெபசிங் ஸ்டெபியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோண்டிய குழியைப் பார்த்தாள்.

"சரி, பேபியக்கா."

"அத்தைன்னு சொல்லும்."

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. கொட்டகை இப்போது பேபி இடத்தில். ஐஸ் வண்டி பழைய இடத்தில். மாப்பிள்ளை இன்னமும் ஆமைத்தடம் தேடி விடியற்காலையில் கரையில் நடக்கிறார்.

பேச்சி, மகளோடு இருக்க விளாத்திகுளம் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனவர்கள், "சாமானெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள்.

"எடுத்தாச்சு," என்றாள். "ஆமைக்கால் பதிக்கணும்னு பேபி வாங்கிட்டுப் போன சொளவு மட்டும் இன்னும் திரும்பி வரல."