செத்துப்போன எம்.எல்.ஏ.க்களின் பி.ஏ.

செத்துப்போன எம்.எல்.ஏ.விடம் சொல்லி வேலையை முடித்துத் தரக்கூடிய ஆள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பி.ஏ. அண்ணன். அவருக்கு வேறு பெயர் உண்டு. அவர் மனைவிக்கே அது மறந்துவிட்டதாகக் கேள்வி.

சூலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவே எங்கள் ஊரின் பெயரிலேயே முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. அதற்கு வாய்த்த மூன்று எம்.எல்.ஏ.க்களுக்கும் அண்ணன்தான் உதவியாளர். மூவரும் மூன்று கட்சி. அண்ணன் வேட்டியின் கரையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே மேஜையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லையைத் திருத்தி வரைந்தார்கள். ஊர் நடுவே ஓடும் ஓடைப் பள்ளத்துக்குக் கிழக்கே ஒரு தொகுதி, மேற்கே இன்னொன்று என்றாகி, எங்கள் தொகுதி காணாமல் போனது. மூன்று எம்.எல்.ஏ.க்களும் ஒவ்வொருவராகக் காலமானார்கள். அண்ணன் மட்டும் காலையில் வந்து பழைய ஆபீஸைத் திறப்பதை நிறுத்தவில்லை. கட்டடத்துக்காரரும் சாவியைக் கேட்கவில்லை. வாடகைக்குப் பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது என்று படியிலேயே திரும்பிவிட்டார்களாம்.

எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஒரு மத்தியானம் டீயோடு உள்ளே போனேன்.

"உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாமுங்க, தோட்டத்து ஐயா இருக்காருங்க."

அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன்.

"அது யூனியன்காரருங்க. கோவக்காரரு."

மூன்றாவதைப் பார்த்தேன். அண்ணன் சங்கடமாகச் சிரித்தார். "டீச்சரம்மா இப்பத்தான் வந்தாங்க."

மூன்று எம்.எல்.ஏ.க்களுக்கும் இடம் விட்டு, நின்றுகொண்டே குடித்தேன். அன்று தொகுதியின் கதையை அண்ணன் சொன்னார். அவர் சொன்னார் என்பதைவிட, அவர் வாய் வழியே அவர்கள் சொன்னார்கள். தோட்டத்து ஐயா இழுத்து இழுத்து, ஊருக்கு முதல் பஸ் வந்த கதை. யூனியன்காரர், சிங்காநல்லூர் மில்லில் பஞ்சு அடைத்த நெஞ்சோடு வாக்கியத்துக்கு ஓர் இருமல் இருமி, தண்ணீர்த் தொட்டி கட்ட வைத்த கதை. பிறகு அண்ணனின் நரைத்த மீசைக்குக் கீழிருந்து ஒரு பெண்ணின் மெல்லிய குரல் வந்தது.

"பொம்பளப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க கண்ணு."

தெருவெல்லாம் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்த அறைக்குள் மட்டும் தறிச் சத்தம் கேட்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற தரைப்பாலத்தைப் போன மழை அடித்துக்கொண்டு போனது. பாலம் சரியாக எல்லையில் இருந்தது. கிழக்கு ஆபீஸில் மேற்கே போகச் சொன்னார்கள், மேற்கில் கிழக்கே. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். ஒரு நாள் என் மகளின் கையைப் பிடித்து வந்த தோழி வழுக்கி, தண்ணீரோடு போய்விட்டாள். தறிக்காரர் ஒருவர் குதித்து உயிரோடு தூக்கினார். அன்றைக்கு என் மகள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நழுவவிட்ட கையையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு போக்கிடம் இல்லாமல் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன்.

"டீச்சரம்மா கேட்டுட்டுத்தானுங்க இருக்காங்க" என்றார். "எஞ்சினீயரு யாருன்னு கேக்கறாங்க."

பேரைச் சொன்னேன். அண்ணன் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அண்ணனுக்குத் தொண்டைக் கட்டிக்காகக் கோயமுத்தூரில் ஆபரேஷன். அவர் மனைவியோடு நானும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். ஊர் திரும்பினால் பள்ளத்தில் இயந்திரம் மண் தோண்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அந்த எஞ்சினீயரே என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, எதுத்த ஆபீஸ்ல யாருங்க இருக்கறது?"

"யாருமில்லீங்க சார். பூட்டியிருக்குது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆபீஸ் நம்பர்ல இருந்து டீச்சரம்மா போன்ல பேசுனாங்க. நான் அவங்ககிட்டப் படிச்சவன், கொரல் தெரியாதுங்களா? 'ஏன் கண்ணு, புள்ளைக தண்ணியில எறங்கி நடக்கறது உனக்கு நல்லாருக்குதா'ன்னாங்க. ரெண்டு பக்கமும் கையில கால்ல உழுந்து அனுமதி வாங்கிப்போட்டேனுங்க."

அண்ணனின் கைவரிசை என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "எப்பங்க சார் பேசுனாங்க?"

"செவ்வாக்கெழம மத்தியானம்."

சிரிப்பு போய்விட்டது. செவ்வாய் மத்தியானம் அண்ணன் மயக்கத்தில், தொண்டையில் குழாயோடு, என் கண் முன்னால் படுத்திருந்தார்.

பாலம் கட்டி முடிந்து, என் மகள் அதில்தான் போய் வருகிறாள். அண்ணனின் குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றோடு கொஞ்சம் சொல் வரும். இப்போதும் ஆபீஸைத் திறந்துவைத்துவிட்டு மத்தியானத்தில் என் கடைக்கு வந்து உட்கார்கிறார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, மூணு பேரும் போயிட்டாங்களா?"

என் காதருகே குனிந்தார். "இல்லீங்க தம்பி. இனி என்ர தொண்டை அவங்களுக்கு வேண்டாமாமுங்க. அவங்களே பேசிக்கறாங்க."

எதிரே ஆபீஸ் கதவு பாதி திறந்திருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் பேச வாயெடுத்தால் இப்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிடுகிறேன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த காப்பி.