ஆறாம் மாடியில் நிழல் உரிக்கப்படும்

ஊரடங்கு முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்ததும் ஒரு புது நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அவர்களுக்கு அவ்வளவு ஞானம் ஏது? கண்டுபிடித்தவர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் குடியிருந்த நிழல் ஐயா. ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் பிள்ளைகளின் நிழல் சுவரில் ஒட்டிக்கொண்டதாம். நிழல் அங்கே, உடம்பு இங்கே என்றால் கால் எப்படி ஓடும்? நாற்பது நாள் தொடர்ந்து வந்தால் இருட்டறையில் விளக்கேற்றி, தூரிகையால் தடவித் தடவி உரித்து, பிள்ளையிடமே ஒட்டித் தருவார்.

கேட்டவர்கள் சிரித்திருக்க வேண்டும். வரிசையில் நின்றார்கள். வெயிலில் நிழல் தெரிகிறதே என்று ஒரு அப்பா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அது வெறும் கறுப்பு, அதில் உயிர் இல்லை என்று ஐயா விளக்கினார். பட்டம் பெற்ற தலைகளெல்லாம் ஆமாம் என்று ஆடின.

இதில் லிஃப்ட் வேறு பழுது. பிள்ளைகள் தினமும் ஆறு மாடி ஏறி, ஆறு மாடி இறங்கின. ஆனால் குணமானது என்னவோ உண்மை. நாற்பதாம் நாள் வாலில்லாத குறையாகக் குதித்துக்கொண்டு இறங்கின. பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் மாடித் தையல்காரிக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். ஊரடங்குக்கு முன் ஓட்டப்பந்தயத்தில் யாரையும் முந்தவிடாதவள். பிறகு ஒன்றரை வருடம் துணி வெட்டும் மேசைக்கு அடியில் போனும் கையுமாகப் பாடம் படித்தாள். இப்போது மைதானத்தில் அரைச் சுற்று ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள். உன் நிழல் சுவரில் இருக்கிறது என்று அம்மா சொன்ன நாளிலிருந்து வெயிலில் கால் வைக்கவே பயந்தாள். தரையில் விழும் அந்த உயிரில்லாத கறுப்பைப் பார்க்கக் கூடாதாம். சீக்கிரம் முறை கிடைக்கட்டும் என்று தையல்காரி ஐயாவின் அறைக்குக் கறுப்புத் திரைகள் தைத்துக் கொடுத்தாள். அப்படியும் ஒரு மாதம் தள்ளித்தான் நாள் குறித்துத் தந்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்போர் சங்கம்தான் கூப்பிட்டிருந்தது.

"அக்கா, லிஃப்டுக்கு ஒரு கேடும் இல்ல. மெயின் சுவிட்ச அணைச்சுட்டு, பழுதுன்னு போர்டு மாட்டி வெச்சிருக்காங்க."

காவலாளியை விசாரித்தால், அணைக்கச் சொன்னதே ஐயாதானாம். மோட்டார் சத்தத்துக்கு நிழல் மிரளுமாம்.

"அப்போ இத்தனை பிள்ளைங்க ஓடுறது பொய்யா?" என்றாள் தையல்காரி.

"ஓடுறது நிஜம்தான். தினம் ஆறு மாடி ஏறி இறங்குனா ஓடாம என்ன செய்யும்? உன் முறை வர்ற வரைக்கும் இவளையும் ஏறச் சொல்லு. ஐயா கதவைத் தட்ட வேண்டாம்."

சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பவன் என்று அவளுக்கு எரிச்சல். ஆனாலும் ஒரு மாதம் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று ஒத்துக்கொண்டாள்.

தம்பி சுவிட்சைப் போட்டதும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. ஐயா சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சொகுசாக லிஃப்டில் ஏறி வந்து நிழல் உரித்துக்கொண்டு போயின. தையல்காரியும் மகளும் மட்டும் படியேறினார்கள். முதல் நாள் மூன்றாம் மாடியிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். தன் நிழலும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டதோ என்று அம்மாவுக்கே ஒரு கணம் திக்கென்றது. நாலாவது வாரம் மகள் மேலே போய் நின்றுகொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று காத்திருந்தாள்.

மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் 'சாட்சி நாள்'. பிள்ளைகள் ஒரு சுற்று ஓட, ஐயா கைதட்டல் வாங்கிக்கொள்வார். இந்தமுறை தையல்காரி மகளும் தரையைப் பார்க்காமல் கூடவே ஓடினாள். ஓட்டம் முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மூச்சிரைத்தன. மெக்கானிக் மிகவும் பணிவாக, ஐயா உரித்த நிழல் எது, உரிக்காதது எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான்.

ஐயா தயங்கவில்லை. மூச்சு வாங்காமல் நின்ற தையல்காரி மகளின் தலையில் கை வைத்தார்.

"இது நான் உரிச்சது. சுவத்துல ரொம்பக் கெட்டியா ஒட்டியிருந்துச்சு."

தையல்காரி முன்னால் வந்து சொன்னாள்.

"ஐயா, இவ உங்க அறைக்குள்ள இன்னும் வரவே இல்லீங்க. எங்க முறை நாளைக்குத்தான்."

உட்கார்ந்து மூச்சிரைத்தவைதான் ஒரு மாதமாக ஐயாவிடம் லிஃப்டில் போய் வந்தவை. எல்லாம் லிஃப்ட் கெடுத்த கேடு என்று ஐயா முனகினார். அப்படியானால் இத்தனை நாளும் குணமாக்கியது படியா, நீங்களா என்று ஒரு அப்பா கேட்டார். ஐயா இறங்கிப் போனார், லிஃப்டில்.

தையல்காரி மகள் முன்னால் மண்டியிட்டாள். வெட்கமாக இருந்தது.

"உன் நிழல் எங்கயும் போகலம்மா. நான்தான் கேட்டதையெல்லாம் நம்பி உன்னைப் பயமுறுத்திட்டேன்."

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு வெயிலில் இன்னொரு சுற்று ஓடினாள்.

கூட்டம் திருந்திவிட்டது என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். இரண்டு பேர் மெக்கானிக்கிடம் ஓடிவந்து, சுவிட்சைப் போட்ட அந்த ராசியான கையால் தங்கள் பிள்ளைகளின் காலைக் கொஞ்சம் தொடச் சொன்னார்கள்.

அவன் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

"ஒன்றரை வருஷம் சும்மா இருந்ததுக்கே கால் இந்தக் கதிக்கு ஆளாச்சு. உங்க மூளை எத்தனை வருஷமா சும்மா இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."