ஒருவரையும் விட்டுவிடாத தெரு

கதவு திறக்கவில்லை.

"நல்லாத் தள்ளுங்கம்மா" என்றார் சூப்பிரண்டு, வெளியிலிருந்து.

"தள்ளிட்டுதான் சார் இருக்கேன்" என்றாள் தையலக்கா, உள்ளிருந்து. "சிமெண்டு தடுக்குது."

சூப்பிரண்டு குனிந்து பார்த்தார். தையலக்காவின் சக்கர நாற்காலி இறங்கி ஏற வேண்டும் என்பதற்காக, நேற்று அவருடைய நேரடிப் பார்வையில் போடப்பட்ட சாய்தளம் வாசற்படியை விழுங்கிவிட்டு, கதவின் அடிப்பாகத்தையும் நான்கு விரல் உயரத்துக்குக் கவ்விக்கொண்டிருந்தது. உயரம் தாராளமாக இருக்கட்டும் என்று உத்தரவிட்டவர் அவர்தான். அது இப்போது நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அப்படிப்பட்டவை நினைவுக்கு வருவதில்லை.

"இது வெளிப்பக்கம் திறக்கற கதவுன்னு ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லலாம்னு வாயெடுத்தேன் சார். நீங்க விசிலடிச்சீங்க."

சூப்பிரண்டு பல்லைக் கடித்தார். விசில் அவருடைய கழுத்தில்தான் தொங்கியது. ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் முப்பது வருஷம் சூப்பிரண்டாக இருந்து, லாரிகளையும் ஆட்களையும் அந்த விசிலால் மேய்த்தவர். ஓய்வு பெற்ற அன்று கம்பெனி ஒரு கடிகாரம் கொடுத்தது. விசிலை அவராகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த முதல் வாரத்தில் அந்த விசில் சமையலறையில் ஒலித்தது. பால் பொங்கினால் ஒரு ஊதல், குழாய் சொட்டினால் இரண்டு. கரண்டிகளை உயரவாரியாக நிற்க வைத்தார். உப்பு ஜாடியை எடுத்த இடத்தில் வைக்காததற்கு மனைவியிடம் விளக்கம் கேட்டார். மனைவி விளக்கம் கொடுக்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"வெளியில ஏதாவது ஒரு வேலையப் பிடிங்க" என்றாள். "அது நின்னுபோய் நீங்க மறுபடி வீட்டுல உக்காருற அன்னைக்கு நான் மக வீட்டுக்குக் கிளம்பிடுவேன். சத்தியமா சொல்றேன். அங்க பேரனுங்க சத்தம் போடுவாங்க, பரவால்ல. அது சந்தோஷ சத்தம்."

பெட்டி அன்றிலிருந்து வாசற்கதவின் பின்னால், துணி அடுக்கப்பட்டு, பூட்டாமல் நிற்கிறது. சூப்பிரண்டுக்கு வெந்நீர் போடத் தெரியாது. வெளியே போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அப்படிப் பிறந்ததுதான் தெருத் தொண்டர் படை. 'ஒருவரையும் விட்டுவிடோம்' என்று தெரு முகப்பில் ஒரு துணிப் பதாகை. தலைவர், செயலாளர், கொள்கை பரப்பாளர் எல்லாம் சூப்பிரண்டே. மற்றவர்கள் தொண்டர்கள், அதாவது, தூக்குகிறவர்கள்.

தெருவும் வஞ்சகம் செய்யவில்லை, குறைகளை அள்ளி அள்ளிக் கொடுத்தது. முதலில் கரண்டுக்காரர் வீட்டெதிரே இருந்த கம்பத்தில் விளக்கு எரியவில்லை. சூப்பிரண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மேசைகளைத் தட்டி, மாதக் கடைசியில் ஆளை அழைத்து வந்தபோது, பல்பு வெறுமனே தளர்ந்திருந்தது தெரிந்தது. அடுத்து தச்சர் வீட்டுப் பூனை காணாமல் போனது. தேடுதல் குழு, துணைக் குழு, கூரைப் பிரிவு எல்லாம் அமைத்தார். பூனை தானாகவே திரும்பியது. போனபோது இருந்ததைவிடக் கொழுத்திருந்தது.

மூன்றாவதுதான் தையலக்கா கேட்ட இந்தச் சாய்தளம்.

"தச்சரைக் கூப்பிடறேன்" என்றார் இப்போது. "கதவோட அடியை அறுத்துடலாம். நாளைக்குக் காலைல."

"அதுவரைக்கும் நான்?"

"பொறுமைம்மா. சமூகம்னா பொறுமை."

அன்று மாலை மளிகைக் கடை வாசலில் தையலக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நூல்கண்டும் பொத்தானும் வாங்கிக்கொண்டிருந்தாள். சூப்பிரண்டுக்கு மார்பு விம்மியது.

"பாத்தீங்களா" என்றார் கடைக்காரரிடம். "கதவு அடைஞ்சிருந்தும் நம்ம தொண்டர்கள் ஜன்னல் வழியாவாவது இறக்கிக் கொண்டாந்துட்டாங்க. இதுதான் கட்டுப்பாடு."

ஜன்னலில் கம்பி இருந்தது. தையலக்கா அதைச் சொல்லவில்லை. "எப்படியோ வந்துட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தச்சர் தரையில் குப்புறப் படுத்துக் கதவை அறுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முனகல் வந்தது.

"இது என் கையால செஞ்ச கதவு சார். நல்ல மரம்."

"மரம் பெருசா, மனுஷன் பெருசா?"

தச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயில் ஒரு பதில் வந்து நின்றது தெளிவாகத் தெரிந்தது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் சூப்பிரண்டின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தச்சர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதிலை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

கதவு திறந்தது. அதோடு பிரச்சினையும் திறந்தது.

சாய்தளம் தெருவோரச் சாக்கடையின் மேல் குறுக்கே படுத்திருந்தது. மாடிகளில் துணி துவைத்த தண்ணீர் வழக்கம்போல் வந்தது. போக வழியில்லாமல் திகைத்தது. கதவுக்கடியில் புதிதாக அறுத்த இடைவெளியைக் கண்டது. தையலக்காவின் முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைத்து அடுக்கிய மூட்டை அப்படியே நுரையில் மிதந்தது.

"சார்" என்று அவள் வீட்டுக்குள்ளிருந்து கத்தியதில் தெருவே வாசலுக்கு வந்தது. "திங்கக்கிழமை குடுக்கணும் சார் இதெல்லாம். இனி ஒவ்வொண்ணையும் அலசிக் காயப்போட்டு மறுபடி இஸ்திரி போடணும். யாரு போடுவா? உங்க படை போடுமா?"

"ஆத்திரப்படாதீங்கம்மா. நல்ல காரியம்னா நாலு இடைஞ்சல் வரும்."

"நாலும் என் வீட்டுக்கே வருது சார்." அவள் ஈரச் சட்டையை முறுக்கிப் பிழிந்த விதத்தில், அது யாருடைய கழுத்தாக இருந்திருக்கலாம் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு மூச்சை இழுத்துவிட்டாள். "சரி விடுங்க. இந்த மாசம் என் தலையெழுத்து."

சூப்பிரண்டு உடனே செயலில் இறங்கினார். கதவின் முன்னால், அது திறக்க இடம் விட்டு, சாய்தளத்தின் மேற்பகுதியில் செங்கல் வைத்து ஒரு வரப்புக் கட்டினார். தண்ணீர் உள்ளே போகவில்லை. அது மரியாதையாகத் திரும்பி, தெருவைக் கடந்து, கரண்டுக்காரரின் வீட்டுக்குள் போனது.

கரண்டுக்காரர் துளைபோடும் இயந்திரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிய எலி மாதிரி ஒயரில் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.

"இதுல இப்ப கரண்டு குடுத்தா நான் மேல போயிருவேன் சார். தெரியுமா உங்களுக்கு? உங்க தொண்டுல என் தொழிலு, என் உசுரு..."

பேச்சு பாதியில் நின்றது. மாடி ஜன்னலில் சூப்பிரண்டின் மனைவி கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். கரண்டுக்காரரின் தாடை இரண்டு முறை ஏறி இறங்கியது.

"...பரவால்ல சார். வெயில்ல வெச்சாக் காஞ்சிரும்" என்று முடித்துவிட்டு, போகிற வழியில் தன் வீட்டுச் சுவரையே எட்டி உதைத்தார்.

"பாருங்க, இந்தத் தெருவுல மனுஷங்களுக்குச் சகிப்புத்தன்மை வளர்ந்திருக்கு" என்றார் சூப்பிரண்டு. "எல்லாம் படை வந்தப்புறம்தான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ரொட்டிக்கடைக்காரர். மூலைவீட்டு மாடிக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தெருவில் யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். யாராவது எதையாவது சுமந்தால் மறுமுனையைப் பிடிப்பார். புதிதாக வந்தவருக்கு இன்னும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரியவில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றார். "சரிவு போட்டது வீல்சேர் படி ஏற முடியாதுன்னுதானே? இப்ப சரிவு மேலயே படி கட்டியிருக்கீங்களே."

தெரு மூச்சை அடக்கியது. சூப்பிரண்டின் காதுமடல் சிவந்தது.

"அது படி இல்ல. வரப்பு."

"சரிங்க சார். வரப்புல ஏறுமா?"

"நேத்து வந்த ஆளு நீங்க. முப்பது வருஷம் நான் ஏத்தி இறக்கின சரக்கு எவ்வளவு தெரியுமா? அக்கறை இருந்தா வாயால காட்டாதீங்க, கையால காட்டுங்க."

"அதுக்குத்தான் சார் கேக்கறேன். நானும் தெருவுக்கு ஏதாவது செய்யணும்."

"உங்க முறை வரும். அதுவரைக்கும் நில்லுங்க" என்று விசிலை ஊதினார். ரொட்டிக்கடைக்காரர் நிஜமாகவே நின்றார்.

ஆனால் அன்று இரவு முழுவதும் அந்தப் படி சூப்பிரண்டின் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் தீர்வோடு வந்தார். வரப்பின் மேல் ஏறும்போது பிடித்துக்கொள்ள இருபக்கமும் இரும்புக் கைப்பிடி. தச்சர் குழி தோண்டினார், கரண்டுக்காரர் குழாயைப் பிடித்தார், சூப்பிரண்டு ஊதினார். அசையாமல் உறுதியாக நட்டு முடித்த பிறகு தையலக்கா ஜன்னலிலிருந்து கேட்டாள்:

"ரெண்டு குழாய்க்கும் நடுவுல எவ்வளவு சார் இடம்?"

"ஆள் தாராளமாப் போகலாம்."

"நாற்காலி?"

கரண்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். தச்சர் கடப்பாரையைப் பார்த்தார். அதன் பிறகு சூப்பிரண்டைப் பார்த்தார். மறுபடி கடப்பாரையைப் பார்த்தார்.

"திறப்பு விழா ஞாயித்துக்கிழமை" என்றார் சூப்பிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. சாய்தளத்தின் குறுக்கே சிவப்பு நாடா. வராதவர்களை வீட்டுக்கே போய் ஊதி எழுப்பிக் கூட்டி வந்திருந்தார். முதல் வரிசையில் மனைவி. புறப்படும்போது அவள் கேட்டது இன்னும் காதில் இருந்தது: "இது நல்லபடியா முடிஞ்சா அடுத்தது ஏதாவது இருக்கில்ல?" அவள் கேட்டபோது கண் பெட்டியின் மேல் இருந்தது.

சூப்பிரண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஒதுக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லாத தெருவே உண்மையான தெரு. நம்மிடையே ஒரு சகோதரி. அவருக்கு உலகம் இந்தக் கதவோடு முடிந்திருந்தது. இன்று..."

"சுருக்கமா முடிங்க, வெயிலு" என்று யாரோ சொன்னார்கள்.

"...இன்று அந்தச் சகோதரி முதன்முறையாகத் தானாகவே வெளியே வருவார். வாங்கம்மா."

கதவு அசையவில்லை.

"வாங்கம்மா."

விசில் ஊதினார். இன்னொரு முறை ஊதினார். முகத்தில் ரத்தம் ஏறியது. "மானத்த வாங்கறாங்க" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

"இங்கதான் சார் இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பக்கத்துச் சந்திலிருந்து சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு வந்து பந்தல் ஓரத்தில் நின்றது. மடியில் இஸ்திரி போட்ட சீருடை மூட்டை.

"எப்படி... எந்த வழியா வந்தீங்க?"

தையலக்காவின் முகத்தில் பொறுமையின் கடைசித் துளியும் வற்றியிருந்தது. "பின்வாசல் வழியா சார். அங்க சரிவு இருக்கு. நான் குடிவந்த வாரமே தச்சரண்ணனும் கரண்டண்ணனும் போட்டுக் குடுத்தது. நல்லா மழமழன்னு இருக்கும். விசில் இல்லாமப் போட்டது."

கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது.

"அப்போ என்கிட்ட எதுக்குச் சரிவு கேட்டீங்க?"

தச்சர் பந்தல் கயிற்றின் முடிச்சைச் சோதித்தார். கரண்டுக்காரர் ஒலிபெருக்கியின் ஒயரைத் தடவிக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க." அவருடைய குரல் நடுங்கியது. கோபத்தில்தான், ஆனால் கோபத்தின் அடியில் வேறொன்றும் இருந்தது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். "நன்றி கெட்ட தெரு. இந்தப் படையை இந்த நிமிஷமே கலைக்கிறேன். நாளையிலேர்ந்து எவன் வீட்டு விளக்கு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன. நான் என் வீட்டுலயே இருக்கப் போறேன். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்."

முதல் வரிசையில் மனைவியின் முகம் வெளிறியது. தெரு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் மெதுவாக எழுந்தாள். வீட்டுப் பக்கம், பெட்டி நிற்கும் கதவின் பக்கம், ஓரடி வைத்தாள். சூப்பிரண்டு அந்த அடியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உத்தரவு ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு தட்டு நிறைய பன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு, இங்கே நடந்தது எதுவும் தெரியாமல், முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து சேர்ந்தார் ரொட்டிக்கடைக்காரர். நேராக சூப்பிரண்டின் மனைவியிடம் போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்:

"அக்கா, அடுத்த மாசம் எங்க வீட்டு முறைன்னு சொன்னாங்க. சாருக்கு மாசம் பூரா வேலை இருக்கணும்னா, நான் எதை உடைச்சு வைக்கட்டும்?"