பிளக்கு மதினி கேட்ட மூன்று கேள்விகள்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் இன்றைக்கு நன்றாக இருக்கின்றன. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம். தூத்துக்குடியில் இருந்த அத்தனை பெண்களிலும் ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் நான் வயிறு எரிந்திருக்கிறேன். அவள் அழகைப் பார்த்து அல்ல, நகையைப் பார்த்தும் அல்ல. அவள் கயிற்றை இழுத்தால் எந்த இஞ்சினும் ஓடும். அதைப் பார்த்துத்தான்.

அவளுடைய பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. துறைமுகம் முழுக்க அவள் பிளக்கு மதினி. பல் போன கிழவரும் மதினி என்பார், நேற்று மீசை முளைத்தவனும் மதினி என்பான். அவள் புருஷன், சங்கு குளிக்கிற வள்ளங்களைக் கடலுக்குள் இழுத்துப் போகும் லாஞ்சில் டிரைவர். இஞ்சின் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. கோளாறைக் கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டுமே என்று பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். நாலைந்து வருஷத்தில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

மதினியின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை, கூடவே இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற ஒரு பழைய பிளக். ஒருநாள் பாக்கு என்று நினைத்து அதை வாயில் போட்டு, கடித்துப் பார்த்து, “இது இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று மறுபடி பைக்குள் போட்டாளாம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அந்த நாளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு எழுபத்தாறு இருக்கும், என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் கம்பெனி மானேஜர் பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் ஓட்டு அறை. ஊர் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வரிசையில் நிற்கும். அந்தப் பங்களாப் புல்லுக்கு மட்டும் வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்து இறங்கும். எனக்குப் புல்லைப் பார்த்தாலே ஆத்திரமாக இருக்கும். அதை வெட்டுவதற்கு ஒரு மெஷின், முன்னால் இருந்த வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போனது. உப்புக் காற்றில் அதற்கு வாரம் ஒரு வியாதி. கயிற்றை இழுத்து இழுத்து என் வீட்டுக்காரருக்கு வலது கை மட்டும் பயில்வான் கை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் மதினியைக் கூட்டி வந்தார்.

வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. மெஷின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதனோடுதான் பேசினாள்.

“ஏளா, குடிச்சியா?” பெட்ரோல் டாங்கியைத் திறந்து பார்த்தாள்.

“பொறி இருக்கா?” பிளக்கைக் கழற்றினாள்.

“மூச்சு வருதா?” பிளக் இருந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கயிற்றை இழுத்தாள். உள்ளே இருந்த காற்று விரலைத் தள்ளியது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இந்த மூணும் சரின்னா எந்த இஞ்சினும் ஓடித்தான் ஆவணும். ஓடலன்னா மூணுல ஒண்ணு பொய் சொல்லுது” என்றாள்.

அன்று பொய் சொன்னது பொறி. இஞ்சின் தலையில் சுற்றுகிற சக்கரத்தைக் கழற்றி, உள்ளே உப்புப் பூத்திருந்த இடத்தைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்தாள். அப்போது மானேஜர் வேடிக்கை பார்க்க வந்தார்.

“அண்ணாச்சி, இந்த வயரைச் செத்த பிடிங்க.”

அவரை யாரும் அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. திகைப்பில் பிடித்துவிட்டார். மதினி கயிற்றை ஓர் இழு இழுத்தாள். மானேஜர் குதித்த குதியில் ஒரு செருப்பு செம்பருத்திச் செடியில் போய்த் தொங்கியது.

“ம், பொறி வந்துட்டு” என்று பிளக்கை மாட்டினாள். அடுத்த இழுப்பில் மெஷின் ஓடியது.

அன்று மத்தியானம் நான் விளைமீன் குழம்பு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, “மதினிக்கு இருக்கது காதில்ல ஏளா, டாக்டர் குழாய்” என்றார். “என்ன கை! என்ன நிதானம்!”

“கொழம்பு எப்படி இருக்கு?”

“ம்.”

அவளுக்குக் காது, கை, நிதானம். எனக்கு ஒரு ‘ம்’.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் அப்பா தோணிகளுக்கு ஓட்டை அடைக்கிறவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்த்து இடித்த சாந்தை மேலே இழுத்துவிட்டால், கொழும்புக்குப் போய்த் திரும்பும் வரை ஒரு சொட்டு ஏறாது. அந்தச் சாந்தை இடித்தவள் நான். ஆனால் பெண்பிள்ளை தோணியைத் தொடக்கூடாது என்று என்னைக் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். இவளோ லாஞ்சில் ஏறி, இஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மெஷினை நாங்கள் சமைக்கிற குசினிச் சுவரை ஒட்டிய கொட்டகையில்தான் நிறுத்துவார்கள். ஒருநாள் பெட்ரோல் வாடை அடித்தது. போய்ப் பார்த்தால், டாங்கி மூடியின் உச்சியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டாக்டர் குழாய்க்காரி இதைக் கவனிக்கவில்லையே! துளிப் பஞ்சை வைத்துத் திணித்து, மேலே சாந்தை இழுத்துக் காயவிட்டேன். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நல்ல சமயம் பார்த்து வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மானேஜர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு, அந்தப் புல்லின் மேலேயே. வியாழக்கிழமை காலை மெஷின் பத்து நிமிஷம் ஓடி, இருமி, நின்றது. மதினி வந்தாள். மூன்று கேள்வி கேட்டாள், பிளக்கைத் துடைத்தாள், இழுத்தாள். ஓடியது. “அவ்வளவுதான்” என்று வாசலைத் தாண்டுவதற்குள் நின்றது. வெள்ளிக்கிழமை கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டினாள். ஓடியது. வெற்றிலை மடிப்பதற்குள் நின்றது.

நான் குசினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

“என்ன மதினி, டாக்டர் குழாய் அடைச்சிட்டா?” என்று கேட்டேன்.

“ஏளா, மூணும் மெய் சொல்லுதே. பின்ன யாரு பொய் சொல்லுதா?” என்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை மானேஜர் வந்தார். பாதிப் புல் ஒட்ட வெட்டியும் பாதி குதிரை வால் மாதிரியும் கிடந்தது. என் வீட்டுக்காரர் அரிவாளால் அறுத்துப் பார்த்த ஓரம், எலி கடித்த தலை மாதிரி இருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா மாப்பிள்ளையூரணியிலிருந்து ஆட்டைப் பத்திட்டு வரச் சொல்லுதேன். அது நல்லா மேயும். பெறவு தோட்டக்காரன் எனக்கு எதுக்கு? நாளன்னைக்கு ரூமைக் காலி பண்ணிரு” என்றார்.

என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்து, தூளியில் கிடந்த மூன்றாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை.

மத்தியானம் பந்தல்காரர்கள் சாப்பிடப் போனார்கள். மூன்று நாளாக மூங்கிலை அடித்த சத்தம் அப்போதுதான் நின்றது. மதினி பெட்ரோல் இருக்கிறதா என்று மறுபடி டாங்கி மூடியைத் திருகினாள்.

‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

மதினி அப்படியே நின்றாள். மூடினாள், மெஷினை ஓடவிட்டாள், நின்றதும் திறந்தாள். ‘ஸ்ஸ்.’ உள்ளே காற்று போகிற சத்தம்.

“அடி மாதாவே! மூச்சு மூச்சுன்னு இஞ்சினைக் கேட்டேனே, டாங்கியைக் கேட்டேனா? பெட்ரோலு கீழ எறங்கணும்னா மேல காத்து போவணும்லா!”

மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உச்சியை நகத்தால் சுரண்டினாள். நான் வைத்த சாந்து பெயரவில்லை. மெஷின் நின்றதற்கு அதுதான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடி சுரண்டினாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். நான் யார் மகள் என்று அந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

மானேஜரும் வந்துவிட்டார். “என்ன அது? யாரு செஞ்ச வேல?”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மதினியின் வாயையே பார்த்தார்.

“கொளவி அண்ணாச்சி” என்றாள் மதினி. “ஓட்டையைக் கண்டா கொளவி சும்மா இருக்குமா? மண்ணால கூடு கட்டிட்டு.”

கொண்டை ஊசியால் குத்தி எடுத்து, மூடியைத் திருகி, கயிற்றை இழுத்தாள். அன்று பொழுது சாயும் வரை மெஷின் நிற்கவே இல்லை. புல் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

கை கழுவ என்னிடம் தண்ணீர் கேட்டாள். ஊற்றினேன். இப்போது நன்றாகக் கேட்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“நல்ல சாந்து ஏளா” என்றாள் மெல்ல. “மூணு நாளா ஒரு பொட்டுக் காத்து போவல. எங்க லாஞ்சு அடியில ஒரு எடம் ஒழுகுது. எவன் அடைச்சும் நிக்கல. நாளைக்கி வாரியா?”

“என்னையத் தோணியில ஏத்த மாட்டாவ மதினி.”

“என் லாஞ்சுல நான் ஏத்துவேன். எவன் கேக்கான்னு பாப்போம்.”

போனேன். அடைத்தேன். அந்த இடம் அப்புறம் ஒழுகவே இல்லை. அன்று முதல் அவள் இருந்த வரைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லார் முன்னாலும் “ஏ கொளவி” என்றுதான் கூப்பிடுவாள். அது ஏன் என்று என் வீட்டுக்காரர் சாகும் வரை கேட்டார். இரண்டு பேருமே சொல்லவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த நிமிஷத்தில் அப்படி ஒரு பொய் சொல்ல எனக்கு வந்திருக்குமா என்று நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

ஏ பிள்ளை, அந்த விளையாட்டை நிறுத்திவிட்டு இங்கே வா. ஆச்சி எழுதினதை முதலிலிருந்து வாசித்துக் காட்டு. எழுத்து தப்பாக இருந்தால் திருத்திக்கொள். அந்தக் கொளவி வருகிற இடத்தை மட்டும் உரக்க வாசி. மதினி கூப்பிட்ட மாதிரி கேட்கட்டும்.